ஓடைக்காகப் படித்த அண்ணன்

அண்ணன் அந்த மண்குழாய்த் துண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுட்ட செங்கல்லின் நிறம். முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனை உடைந்திருந்தது, உள்ளே காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. கருவாட்டுக் குழம்பை இறக்கிவைக்க இடம் தேடிய அம்மா, "சாப்பிடுற எடத்துல என்னடா இது, கழுவாத சாமான்?" என்று அதட்டினாள். அண்ணன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார், குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "என்ன இது?" என்றார். "குழாய்ப்பா. மண்ணுக்கடியில பொதைக்கிறது," என்றான் அண்ணன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, யோசிக்காமல், இன்னொன்றும் சொன்னான்: "உங்க கொய்னா மருந்துக்குப் பதிலா."

அப்பா குழாயை மெதுவாகக் கீழே வைத்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்பா டிரெஸராக இருந்தார். ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை, வரிசையாகக் கட்டில்கள், மருந்து கலக்க ஒரு சின்ன அறை. புண்ணுக்குக் கட்டுப்போடுவதிலிருந்து பிரசவம் வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை ஜொகூர் பாருவிலிருந்து காரில் வருவார். வெள்ளைக்காரர். அவர் வருகிற நாளில் அப்பா விடியற்காலையிலேயே கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். டாக்டர் கட்டில் கட்டிலாக நடப்பார். அப்பா ஒரு அடி பின்னால் நடப்பார். அத்தனை வருடத்தில் அந்த மனிதர் அப்பாவின் பெயரைக் கேட்டதே இல்லை. "டிரெஸர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பெண்ணை வயிற்றுவலி என்று தூக்கிவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும் என்றார் அப்பா. டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் போகட்டும் என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார். அந்த இரண்டு நாளை அவள் தாண்டவில்லை. அன்று அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, "தெரிஞ்சும் வாயத் தொறக்க முடியல. டாக்டருக்குப் படிச்சிருந்தா என் பேச்சு ஏறியிருக்கும்," என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான், அண்ணன் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பேச்சே தேவையில்லாத விஷயமாகிவிட்டது. சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரி இருந்தது. அண்ணன் ஜொகூர் பாரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் வரிசை. வேறென்ன வேண்டும்?

எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு நின்றுவிட்டேன். நீ என்ன படிக்கப் போகிறாய் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை; பெண் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியாக அது அன்றைக்கு இல்லை. அதனாலேயே அண்ணனிடம் எல்லோரும் அதைக் கேட்கும்போது நான் கூர்ந்து கவனிப்பேன். அவன் எப்போதும் சிரித்து மழுப்புவான். அவன் மனதில் என்ன இருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். அவன் மனதில் இருந்தது ஒரு ஓடை.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குன்றுச் சரிவு இருந்தது. அதன் மேல் காட்டை வெட்டிப் புதிதாகப் பால்மரக் கன்று நட்டார்கள். காடு போனதும் சரிவின் அடியில் இருந்த ஓடை வெயிலுக்கு வந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், கூழாங்கற்கள் தெரியும். அதன் கரையிலேயே புது லயம் கட்டிக் குடும்பங்களைக் குடிவைத்தார் தோட்டத்தை நடத்திய துரை. குளிக்க, துவைக்க, பிள்ளைகள் விளையாட, பக்கத்திலேயே நல்ல தண்ணீர் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த லயத்தில் மலேரியாக் காய்ச்சல் விழாத வீடு இல்லை. பிள்ளைகளின் கைகால் குச்சியாகி வயிறு மட்டும் முன்னே வந்தது. பள்ளி விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணன், அப்பாவோடு காலையில் கொய்னா ஊற்றப் போவான். கசப்புத் தாங்காமல் துப்புகிற பிள்ளைகளை மடியில் இழுத்துப் பிடித்து ஊற்றுவது அவன் வேலை. ஒவ்வொரு விடுமுறையிலும் அதே பிள்ளைகள். சில முகங்கள் மட்டும் வராமல் போயிருக்கும். "அதே புள்ளைங்கதான் பாப்பா திரும்பத் திரும்ப வருதுங்க. எறைக்க எறைக்க ஊறுது," என்பான் என்னிடம்.

யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பள்ளித் தோழன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனபோதுதான் அவன் அதைப் பார்த்தான். அங்கேயும் இதே மாதிரிச் சரிவு, ஓடை, காய்ச்சல். ஆனால் ஓர் எஞ்சினியர் வந்து ஓடையையே மண்ணுக்குள் அனுப்பியிருந்தார். கீழே குழாய்களைப் பதித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடி, தண்ணீர் வெயிலைப் பார்க்காமலே ஓடிப்போக வழி செய்திருந்தார். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. "சாக்கடைக் கொசு இல்ல பாப்பா, இந்தக் காய்ச்சலக் கொண்டுவர்ற கொசு. அழுக்குத் தண்ணிய இது தேடறதில்ல. வெயில் படுற தெளிஞ்ச தண்ணியிலதான் முட்ட வைக்குது. நாம ஆசையாக் குளிக்கிறோமே, அதுலதான்," என்று அவன் சொன்னபோது என் உடம்பு கூசியது. அங்கே குப்பையில் கிடந்த குழாய்த் துண்டைத்தான் அவன் மேசை மேல் கொண்டுவந்து வைத்தான். உடைந்த குழாயை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் தவறியது.

சண்டை அன்று சாயங்காலம் வந்தது. "அப்போ இத்தன வருஷமா நான் செஞ்சது என்ன வேலைடா?" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. அண்ணன் பதறிப்போனான். "நீங்க இல்லாட்டி பாதிப்பேர் செத்திருப்பாங்கப்பா. நான் அப்படிச் சொல்லல."

"எஞ்சினியருக்குப் படிக்கப் போறியா?"

"ஆமாப்பா. ஹாங்காங்குல படிக்கலாம்."

"டாக்டராயிட்டு வந்து குழாயைப் போடு. யாரு வேணாங்கிறா?"

"டாக்டர் சொன்னா துரை மருந்துதாம்ப்பா வாங்குவாரு. தண்ணி எவ்வளவு வேகத்துல ஓடும், குழாய் எவ்வளவு சரிவா இருக்கணும், இதெல்லாம் தெரிஞ்சவன் வேணும்."

அப்பா சொன்னார்: "நான் நின்னுட்டே இருந்தவன். நீயாவது உக்காருவேன்னு நெனச்சேன். நீ லொங்காங் வெட்டணும்கிற." லொங்காங் என்றால் சாக்கடைக் கால்வாய். அந்தச் சொல்லை அவர் துப்புகிற மாதிரி சொன்னார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. என் வழியாகத்தான் பேசினார்கள். ஒரே அறையில், ஒரே மேசையில் இருந்துகொண்டே, "பாப்பா, சட்டை தைக்கக் குடுக்கணுமான்னு உங்கண்ணனக் கேளு," என்பார் அப்பா. "பாப்பா, இருக்கிறதே போதும்னு அப்பாகிட்டச் சொல்லு," என்பான் அண்ணன். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும்: அப்பா அவனைத் தடுக்கவில்லை. மதிப்பெண்ணுக்காகக் கிடைத்த உதவிச் சம்பளம் போக மீதிச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். கம்பளிச் சட்டைக்குத் துணி எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "அங்க குளிருமாம். குடு," என்றார். செடெனாக் ஸ்டேஷனில் ரயில் வரும்வரை நடைமேடையின் மறுகோடியில் நின்றார். அம்மாதான் அழுதுகொண்டே, "ஒரு வார்த்த பேசிட்டுப் போடா," என்றாள். அண்ணன் அவர் பக்கம் நாலு எட்டு வைத்தான். ரயில் வந்துவிட்டது.

அவன் இல்லாத வருடங்களில் அவனிடமிருந்து வருகிற கடிதங்களை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். பட்டறையில் இரும்பு காய்ச்சுவது, மலையில் அளவைக் கருவியோடு ஏறுவது, சீனச் சமையல், எல்லாம் எழுதுவான். அப்பா அந்த நேரத்தில் அறைக்குள் ஏதாவது தேடிக்கொண்டிருப்பார். படித்து முடித்ததும், "நல்லா இருக்கானாமா?" என்று மட்டும் கேட்பார். இதற்கிடையில் ஓடைக்கரை லயத்தில் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தியின் குழந்தை இரண்டு வயதில் போனது. புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அப்பா அந்த ஓடைக்கரையில் கொஞ்ச நேரம் நின்று தண்ணீரைப் பார்த்தார். நானும் கூட இருந்தேன். பிறகு நடந்தார்.

அண்ணன் பட்டத்தோடு திரும்பி வந்தபோது ரப்பர் விலை அடியோடு விழுந்துவிட்டது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவன் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடையாய் நடந்தான். எஞ்சினியர் நாற்காலி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று ஓரிடத்தில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வேண்டுமானால் படம் வரைகிற வேலை தருகிறோம், அதுவும் விலை ஏறிய பிறகு என்றார்கள். டாக்டருக்குப் படித்திருந்தால் இந்தப் பஞ்சத்திலும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலாவது இடம் கிடைத்திருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை வீடு தேடி வந்து சொன்னவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. "அலமாக், இவ்வளவு படிச்ச புள்ள வீட்டுல குந்திக்கிட்டிருக்கே! அன்னிக்கே டிரெஸர் ஐயா சொல்லக் கேட்டிருந்தா?" என்றார், அண்ணன் காதில் விழும்படி. அப்பா இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தார் என்று நினைத்தேன். அப்பா சொன்னது வேறு: "அவன் தப்பாப் படிக்கல கிராணியாரே. நேரம்தான் தப்பா இருக்கு. காப்பி குடிங்க."

அறைக்குள் இருந்த அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் அப்பா கஞ்சிபோட்ட சட்டையோடு துரையின் பங்களாவுக்குப் போனார். தனக்கென்று எதையும் கேட்டறியாத மனிதர். என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது. திரும்பிவந்து என்னிடம், "ஓடை வேலைக்குத் துரை சரின்னுட்டாரு. மூடிக் கெடக்கிற தோட்டத்துலேருந்து பழைய குழாய் வருதாம். நாளைக்கு ஆபீசுக்குப் போவச் சொல்லு," என்றார். சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு அது கவலையே இல்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிட்டதை அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வேலை நடந்தது. வேலை போய் ஊருக்கு அனுப்பக் காத்திருந்த ஆட்களையே அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அவர்களோடு தானும் முழங்கால் சேற்றில் நின்றான். சரிவு கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் தேங்கிவிடும் என்று ஒவ்வொரு குழாயையும் குப்புறப் படுத்துப் பார்ப்பான். விடியலிலும் அந்தியிலும், கொசு கிளம்புகிற அந்த நேரங்களில், அவன் அங்கேதான் இருந்தான். அப்பா என்னிடம், "கொய்னா போட்டுக்கிறானான்னு கேளு," என்பார். "போட்டுக்கிறேன்னு சொல்லு," என்பான். சில நாள் போட்டுக்கொண்டான். பல நாள் மறந்தான். நான் ஞாபகப்படுத்தினால், "இன்னும் கொஞ்ச நாள்தான் பாப்பா. அப்புறம் இந்தத் தோட்டத்துல யாருக்குமே அது தேவப்படாது," என்று சிரிப்பான். அப்பா அந்தப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. பெருமையா, கோபமா, கூச்சமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கடைசிக் குழாயை மூடிய வாரத்திலேயே அவன் விழுந்தான். முதலில் எல்லோருக்கும் வருகிற குளிர்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். பிறகு சிறுநீர் கருத்துப் போனது. காப்பிக் கஷாயம் மாதிரி இருந்ததைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கறுநீர்க் காய்ச்சல். ஓயாமல் காய்ச்சல் கண்ட உடம்பில், கொய்னாவை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு வருவது. அது வந்துவிட்டால் பிறகு கொய்னா கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அதுவே எமன். வாழ்நாளெல்லாம் அப்பா கையில் இருந்தது அந்த ஒரு மருந்துதான். அது இருந்த அலமாரி, அண்ணனைக் கிடத்தியிருந்த அதே ஆஸ்பத்திரியில், எதிரே நின்றது. அதைத் திறக்க முடியாமல் அவர் மகனுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மா கதறினாள். "அசைச்சாத் தாங்காது," என்றார். இந்தத் தடவை அவர் பேச்சை மறுக்க ஒரு டாக்டரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையிலிருந்து மழை. பருவத்தின் முதல் பெருமழை, தகரக் கூரையில் பேச்சுக் கேட்காதபடி கொட்டியது. மத்தியானம் மழை சற்று விட்டபோது அண்ணன் கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது. கால்மாட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம், என்னைப் பார்த்துத்தான் சொன்னான்: "பாப்பா... அப்பாகிட்ட கேளேன். கீழ, கடைசிக் குழாய் வாயில தண்ணி வருதான்னு."

நான் திரும்புவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். செருப்புக்கூடப் போடவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். தூறலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில் அவர் சரிவில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு. ஓரிடத்தில் விழுந்திருக்க வேண்டும், முட்டியில் இரத்தம் இருந்தது. நேராகக் கட்டிலருகே வந்தார், என்னைப் பார்க்கவில்லை, மண்டியிட்டு அண்ணன் காதருகே குனிந்தார்.

"வருதுடா. நல்லா வேகமா வருது. இவ்வளவு மழைக்கும் மேல ஒரு சொட்டு நிக்கல. நல்லாப் போட்டிருக்கடா."

"சரிவு போதுமாப்பா?"

"போதும்டா. சரியா இருக்கு."

பல வருடம் கழித்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மறுநாள் விடிந்த பிறகு அண்ணன் போய்விட்டான். கல்யாணம் ஆகவில்லை. இருபத்தைந்து வயது நிறையவில்லை.

அடுத்த வருடம் மழை வந்தது, போனது. ஓடைக்கரை லயத்தில் காய்ச்சல் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகளின் வயிறு உள்ளே போனது. ஓடிப் பிடித்து விளையாடுகிற சத்தம் ஆஸ்பத்திரிவரை கேட்டது. கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அப்பா காலையில் வழக்கம்போலப் போவார், காலிக் கட்டில்களின் போர்வையை இழுத்துச் சரிசெய்வார், வாசலில் வந்து உட்காருவார். நான் சோறு கொண்டுபோகும்போது சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதே அண்ணன் செய்த வேலை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கட்டில்களைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. பார்க்கவே முடியாமலும் இருந்தது.

இன்று எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறபோது வீடே கூடி உட்காருகிறது. எந்தப் படிப்புக்கு எங்கே வேலை, சிங்கப்பூரில் எதற்கு அதிகம் தருகிறார்கள், யார் பிள்ளை எதில் சேர்ந்தான் என்று பேசுகிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். வேலையில்லாத எஞ்சினியர் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். அண்ணன் செய்தது கெட்டிக்காரத்தனம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. டாக்டருக்குப் படித்திருந்தால் அவன் இருந்திருப்பான். அந்தப் பிள்ளைகள் இருந்திருக்கமாட்டார்கள். இந்தக் கணக்கை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கமும் நேராகவில்லை.

அண்ணன் போன பிறகு, ஒரு சம்பள நாள் சாயங்காலம், கங்காணி ஒருவர் தன் மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். பையன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறவன். "ஐயா, இவன டாக்டருக்குப் போடறதா, வேற எதுக்காச்சும் போடறதா, ஒண்ணும் புரியல. நீங்கதான் சொல்லணும்," என்றார். நான் பயத்தோடு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கலாமா? அப்பா பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, காலியாக இருந்த ஒரு கட்டிலில் உட்காரச் சொன்னார். தானும் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தம்பி, இந்தத் தோட்டத்துல உன்னால பாத்துக்கிட்டுப் பொறுத்துக்கவே முடியாதது எது?"

பையன் விழித்தான், தகப்பனைப் பார்த்தான். கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாம இருங்க," என்றார் அப்பா. "அவன் சொல்லட்டும்."